சட்டம் புகையை எதைக் கொண்டு அளந்தது

காற்று மாசைக் கட்டுப்படுத்த அரசுகள் இயற்றிய சட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், வழக்கமாக ஒரு பேரிடரில் தொடங்கி, மக்கள் கொதித்தெழுந்ததைச் சொல்லி, நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு சட்டம் இயற்றியதோடு முடித்துக்கொள்வார்கள். அந்த வரிசையில் பிழை எதுவும் இல்லை என்றாலும், பல நூற்றாண்டுகள் தடை இருந்தும் ஒரு நகரத்தில் புகை குறையாமல் இருந்ததற்கும், வேறொரு நகரத்தில் அடுத்த குளிர்காலத்துக்குள்ளேயே அது குறைந்துபோனதற்கும் அதில் விளக்கம் கிடைப்பதில்லை. இந்தச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு வந்ததில் எனக்குத் தட்டுப்பட்ட விடை எளிமையானது. ஒரு சட்டம் எதை அளந்ததோ அது குறைந்தது; எதை அளக்கவில்லையோ அது அப்படியே இருந்தது, சில சமயம் கூடியது. புகை விடுகிறவர் எப்போதும் அளவுகோலுக்குத்தான் பதில் சொன்னார். ஆகவே இந்த வரலாற்றை அளவுகோல்களின் வரலாறாகவே இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதல் அளவுகோல் அண்டை வீட்டுக்காரரின் மூக்கு. ரோமானியச் சட்டத் தொகுப்பில் ஒரு சிறு வழக்கு இடம்பெற்றிருக்கிறது. மின்டுர்னே என்ற ஊரில் பாலாடைக்கட்டியைப் புகையூட்டிப் பதப்படுத்தும் கடை ஒன்றை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்தக் கடையின் புகை மேலே இருந்த கட்டடங்களுக்குள் புகுந்தது. அப்படிப் புகையை அனுப்பும் உரிமை முன்கூட்டியே பெறப்பட்டிருந்தாலன்றி, மேல் கட்டடத்துக்குள் அதை விட முடியாது என்று அரிஸ்டோ என்ற சட்ட அறிஞர் கருத்துரைத்தார். இங்கிலாந்தில் 1610-இல் வந்த ஆல்ட்ரெட் வழக்கும் இதே தடத்தில் செல்கிறது: பக்கத்து மனையில் கட்டப்பட்ட பன்றிக் கொட்டகையின் நாற்றம் வீட்டைக் குடியிருக்கத் தகாததாக்கியது என்ற புகாரை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்த வழக்குகள் இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லித்தரப்படுவதற்கு நியாயம் உண்டு. காற்றின் வழியாக வரும் தீங்கும் தீங்குதான் என்பதை அவை நிலைநாட்டின. ஆனால் மூக்கு என்ற அளவுகோலுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. புகை ஒரே கடையிலிருந்து வரும்வரை அது செல்லும்; ஆயிரம் புகைபோக்கிகள் ஒன்றாகப் புகைக்கும்போது யார் மீது வழக்குப் போடுவது?

இந்தச் சிக்கல் 1865-இல் ஒரு செப்பு உருக்காலை வழக்கில் வெளிப்படையாகவே வந்து நின்றது. செயின்ட் ஹெலன்ஸ் பகுதியில் ஒருவர் பெரும் பண்ணை ஒன்றை வாங்கியிருந்தார்; அருகிலிருந்த ஆலையின் ஆவியில் அதன் மரங்களும் செடிகளும் கருகின. அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே மூச்சில் ஒரு கோட்டையும் கிழித்தது: சொத்துக்கு நேரும் கண்கூடான சேதத்துக்கு எந்த ஊரிலும் இழப்பீடு கேட்கலாம், உடல் அசௌகரியத்துக்கோ, அந்த வட்டாரம் எப்படிப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொழில் நகரத்தில் வசிப்பவர் தொழில் நகரத்துக் காற்றைத்தான் சுவாசித்தாக வேண்டும் என்பது இதன் பொருள். மரம் கருகினால் பணம் கிடைக்கும், இருமலுக்குக் கிடைக்காது என்று நான் சொன்னால் சட்டம் படித்தவர்கள் அது மிகை என்பார்கள். தீர்ப்பின் நடைமுறை விளைவு அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

அரசே நேரடியாகத் தடை விதித்த பழைய எடுத்துக்காட்டு லண்டனுடையது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலிருந்து கப்பல்களில் வந்து இறங்கிய நிலக்கரியைச் சுண்ணாம்புக் காளவாய்களும் கொல்லர் பட்டறைகளும் எரித்தன. மன்னர் முதலாம் எட்வர்ட் 1285-இல் இதை விசாரிக்க ஒரு குழுவை அமைத்து, 1306-ஐ ஒட்டி அதன் பயன்பாட்டைத் தடை செய்தார். தடையை மீறியதற்காக ஒருவர் தூக்கிலிடப்பட்டார் என்ற கதை இன்றும் பல இடங்களில் எழுதப்படுகிறது. நம்பத்தகுந்த ஆவணம் எதையும் யாரும் காட்டாத அந்தக் கதையை நான் ஒதுக்கிவிடுகிறேன். தடை நிலைக்கவில்லை என்பது மட்டும் உறுதி. விறகு அருகிக்கொண்டிருந்தது, நிலக்கரி மலிவாக வந்தது, மாற்று எரிபொருள் எதையும் அரசாணை தரவில்லை, காளவாய்களைச் சுற்றிவந்து பார்க்க ஆளும் இல்லை. 1661-இல் ஜான் ஈவ்லின் என்பவர் மன்னர் இரண்டாம் சார்லஸிடம் ஒரு சிறுநூலை அளித்து, சுண்ணாம்பு, சோப்பு, சாராயத் தொழில்களை நகருக்கு வெளியே அனுப்பிவிட்டு மணம் தரும் செடிகளை நட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மன்னர் மகிழ்ந்தார், சட்டம் வரவில்லை.

பிரான்சில் நெப்போலியன் 1810 அக்டோபர் 15 அன்று பிறப்பித்த ஆணை வேறொரு வழியைத் திறந்தது. நாற்றமும் தீங்கும் தரும் தொழில்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்து, முதல் வகுப்பைக் குடியிருப்புகளிலிருந்து தள்ளி வைத்து, தொடங்கும் முன்பே உரிமம் பெறச் சொன்னது அது. இன்று உலகெங்கும் உள்ள தொழில் உரிமங்களின் முன்னோடி இதுதான். ஆனால் எங்கே எரிப்பது என்பதைத்தான் இது கேட்டது. எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை எண்ணாகக் கேட்ட முதல் சட்டங்களில் ஒன்று 1863-இல் பிரிட்டன் இயற்றிய காரத் தொழில் சட்டம். இதைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்காலச் சட்டங்களின் வெற்றியும் தோல்வியும் இதற்குள்ளேயே முழுதாக அடங்கியிருக்கின்றன. கண்ணாடி, சோப்பு, துணி ஆகிய மூன்று தொழில்களுக்கும் சோடா உப்பு தேவைப்பட்டது. அதைத் தயாரிக்க அன்று கையாண்ட லெப்லாங்க் முறையில், சாதாரண உப்பின் மீது கந்தக அமிலத்தை ஊற்றிச் சூடாக்குவார்கள். அப்போது கிளம்பும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே விட்டுவிடுவார்கள். விட்னஸ், செயின்ட் ஹெலன்ஸ் போன்ற ஊர்களில் சுற்றுவட்டார வயல்களும் வேலிச் செடிகளும் பட்டுப்போயின. பாதிக்கப்பட்டவர்களில் பெருநிலக்கிழார்கள் இருந்தார்கள். அவர்களின் குரல் பிரபுக்கள் சபையில் கேட்டது. டெர்பி பிரபுவின் முன்முயற்சியில் 1862-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. ஏழைத் தொழிலாளிகளின் நுரையீரலுக்காக மட்டும் அந்தக் குழு அமைந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகமே.

எப்படியோ, சட்டம் கேட்டது துல்லியமாக இருந்தது: உருவாகும் அமில வாயுவில் குறைந்தது 95 சதவீதத்தை ஆலைக்குள்ளேயே பிடித்து நிறுத்த வேண்டும். இது ஆகாயத்தில் கோட்டை கட்டும் பேச்சல்ல. வில்லியம் காஸேஜ் என்ற தொழிலதிபர் 1836-லேயே அதற்கான கோபுரத்தைக் கட்டிக் காட்டியிருந்தார். உயரமான கோபுரத்துக்குள் கல்கரித் துண்டுகளை (காற்றில்லாமல் சுட்ட நிலக்கரி) நிரப்பி, மேலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வடிய விட்டு, கீழிருந்து வாயுவை ஏற விட்டால், ஈரமான கல்கரியின் மேற்பரப்பெங்கும் வாயுவும் நீரும் தொட்டுக்கொண்டு, அமிலம் தண்ணீரில் கரைந்து அடியில் இறங்கிவிடும். தொழில்நுட்பம் முன்பே இருந்தது. அதைக் கட்டாயமாக்கும் எண்தான் இல்லாமலிருந்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்த மத்திய அரசே நியமித்த தலைமை ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், தொழிலால் ஒரு வேதியியலாளர். மழைநீரைச் சோதித்து, அமில மழை என்ற பெயரை 1872-இல் உலகத்துக்குத் தந்தவரும் அவரே. உள்ளூர் நீதிபதிகளாக ஆலை முதலாளிகளே அமர்ந்திருந்த காலத்தில், உள்ளூருக்குக் கட்டுப்படாத, சோதனைக் குடுவையோடு வரும் ஆய்வாளர் என்பது பெரிய புதுமை. பெரும்பாலான ஆலைகள் விரைவிலேயே 95 சதவீதத்தைத் தாண்டின.

வயல்கள் முழுதாகப் பிழைத்தனவா என்றால், இல்லை. சதவீதம் என்ற அளவுகோல் ஆலைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஆலைகள் பெருகப் பெருக, தப்பிச் செல்லும் அந்த ஐந்து சதவீதத்தின் மொத்த அளவும் பெருகியது. பிடித்த அமிலத்தை ஓடைகளில் கொட்டியவர்களும் இருந்தார்கள், சட்டம் காற்றைப் பற்றி மட்டும்தானே பேசியது. எனவே 1874-இல் சட்டத்தைத் திருத்தி, புகைபோக்கியிலிருந்து வெளியேறும் ஒரு கன அடி வாயுவில் 0.2 கிரெயினுக்கு மேல், அதாவது ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.46 கிராமுக்கு மேல் அமிலம் இருக்கக் கூடாது என்று செறிவுக்கும் வரம்பு வைத்தார்கள். அதே திருத்தம், மற்ற வாயுக்களுக்கு நடைமுறையில் சாத்தியமான சிறந்த வழியைக் கையாண்டால் போதும் என்றும் சொன்னது. எண் இருந்த இடத்தில் ஆய்வாளரின் கை ஓங்கியது. எண் இல்லாமல் நெகிழ்வான சொற்றொடர் இருந்த இடத்தில் முதலாளியும் ஆய்வாளரும் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு நூறாண்டு நீடித்தது.

நிலக்கரிப் புகை விஷயத்தில் அளவுகோல் கண் ஆனது. பிரிட்டனின் 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொல்லை தரும் அளவுக்குக் கரும்புகை விடும் புகைபோக்கிகளைக் குற்றத்துக்குள் கொண்டுவந்தது. வீட்டுப் புகைபோக்கிகளுக்கு விலக்களித்தது. வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போனபோது, எங்கள் புகை கறுப்பே அல்ல, அடர் பழுப்பு என்று ஆலைத் தரப்பினர் வாதாடினார்கள். கறுப்பா பழுப்பா என்று ஆய்வாளரும் வழக்கறிஞரும் மோதிக்கொள்ள, சூழ்ந்திருந்த மக்கள் அதே புகையைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சண்டையைத் தீர்க்க உதவியது ஒரு காகித அட்டை. பாரிஸ் நகரப் பேராசிரியர் மாக்சிமிலியன் ரிங்கல்மன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த அந்த அட்டையில் வெள்ளைப் பரப்பின் மீது கறுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக வரையப்பட்டிருக்கும். முதல் எண் அட்டையில் கோட்டின் தடிமன் 1 மில்லிமீட்டர், இடையே 9 மில்லிமீட்டர் வெள்ளைச் சதுரம். இரண்டாவதில் கோடு 2.3, வெள்ளை 7.7, மூன்றாவதில் 3.7-க்கு 6.3, நான்காவதில் 5.5-க்கு 4.5. சுழி எண் முழு வெள்ளை, ஐந்து முழுக் கறுப்பு. அட்டையை 50 அடி தொலைவில் மாட்டிவிட்டு நின்றால் கோடுகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாமல் சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். புகைபோக்கியை ஒருமுறை, அட்டையை ஒருமுறை என மாறி மாறிப் பார்த்து, புகை எந்த எண்ணோடு பொருந்துகிறது என்று ஆய்வாளர் குறித்துக்கொள்வார். மேகமூட்டமும் சூரியன் நிற்கும் திசையும் கணக்கைக் குலைக்கும் என்பது உண்மையே. ஆனாலும் இது பெரிய முன்னேற்றம். பாஸ்டன் நகரம் 1910-இல் இந்த அட்டையைச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. கல்கத்தாவுக்காக 1905-இல் வந்த வங்காளப் புகைத் தொல்லைச் சட்டமும், தனி ஆணையம், ஆய்வாளர்கள் என்று இந்தக் காலத்தின் வார்ப்பிலேயே அமைந்தது. பம்பாய்க்கு 1912-இல் அதே போன்ற சட்டம் வந்தது.

கண் என்ற அளவுகோல் எதைத் தவறவிட்டது என்பதை 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் காட்டியது. காற்று அசையவில்லை, குளிருக்காக மக்கள் அடுப்புகளில் நிலக்கரியைக் கூடுதலாகப் போட்டார்கள், புகையும் கந்தக டை ஆக்சைடும் மூடுபனியோடு கலந்து தரையோடு படிந்து நின்றன. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது அன்றைய கணக்கு. 12,000 வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடு. முதலில் தயங்கிய அரசு, 1953-இல் ஹியூ பீவர் தலைமையில் குழு அமைத்தது. ஜெரால்ட் நபாரோ என்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்க, 1956-இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது.

இந்தச் சட்டத்தில் என்னைக் கவர்வது அதன் கோபமல்ல, அதன் கணக்கு. ரிங்கல்மன் அட்டையின் இரண்டாம் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடக் கருமையாகவோ உள்ளதே அடர்புகை என்று அது வரையறுத்து, கறுப்பா பழுப்பா என்ற பழைய வம்பை முடித்துவைத்தது. அதைவிட முக்கியமாக, எண்பது ஆண்டுகளாக விலக்குப் பெற்றிருந்த வீட்டு அடுப்பைத் தொட்டது. உள்ளாட்சிகள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கலாம். அங்கே அனுமதிக்கப்பட்ட புகையற்ற எரிபொருளைத்தான் எரிக்க வேண்டும். பழைய அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கு வீட்டுக்காரருக்குப் பொதுப் பணத்திலிருந்து திரும்பக் கிடைக்கும். மாற்று எரிபொருளையும் மாற்றுவதற்கான காசையும் சேர்த்துத் தந்ததால்தான், முதலாம் எட்வர்டின் ஆணைக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளின் இன்னும் ஒரு படி மேலே போனது. 1990 செப்டம்பர் 1 முதல் அங்கே புகை கக்கும் நிலக்கரியை விற்பதும் விநியோகிப்பதும் தடை செய்யப்பட்டன. எரிப்பவரைப் பிடிக்க வீடு வீடாகப் போக வேண்டும். விற்பவரைப் பிடிக்கச் சில கிடங்குகளுக்குப் போனால் போதும். தடைக்குப் பிந்தைய ஆண்டுகளில் நகரக் காற்றில் கரும்புகையின் சராசரி அளவு ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்ததாக அளவீடுகள் காட்டின. சட்டத்தின் சிறு திருப்பம் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தந்த எடுத்துக்காட்டு இந்த வரலாற்றில் எனக்கு வேறு தெரியவில்லை.

1956-ஆம் ஆண்டுச் சட்டம் அளக்காமல் விட்டது கந்தகத்தை. கண்ணுக்குத் தெரியாத கந்தக டை ஆக்சைடுக்கு உயரமான புகைபோக்கியே மருந்து என்று அன்று கருதினார்கள். தரை மட்டத்தில் வைத்த கருவிகள் நல்ல செய்தி சொன்னன. வாயு அங்கிருந்து கிளம்பிக் கடல் கடந்து ஸ்காண்டிநேவிய ஏரிகளில் இறங்கியது. மீன்கள் இல்லாமற்போன ஏரிகளுக்கும் தொலைதூரப் புகைபோக்கிகளுக்கும் இடையிலான தொடர்பை ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே ஓடேன் 1960-களின் இறுதியில் முன்வைத்தபோது பலர் நம்ப மறுத்தார்கள். கனடாவின் சட்பரியில் 1972-இல் எழுந்த 381 மீட்டர் உயரப் புகைபோக்கி, இந்தச் சிந்தனையின் நினைவுச்சின்னம் போல் நின்றது.

எல்லை தாண்டும் புகைக்கு முன்னுதாரணம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. கனடாவின் ட்ரெயில் என்ற ஊரின் உருக்காலைப் புகை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பண்ணைகளைக் கெடுத்த வழக்கில், ஒரு நாடு தன் நிலத்தைப் பயன்படுத்தி இன்னொரு நாட்டுக்குப் புகையால் கடும் தீங்கு செய்ய உரிமை இல்லை என்று 1941-இல் நடுவர் மன்றம் சொன்னது. பலரும் மேற்கோள் காட்டுவது இந்த வாக்கியத்தைத்தான். அதே தீர்ப்பு கந்தக டை ஆக்சைடைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகளையும் வானிலை அளவீட்டையும் கட்டாயமாக்கி, காற்றின் நிலைக்கேற்ப எவ்வளவு வாயு விடலாம் என்று வரம்பு கட்டியதைக் குறிப்பிடுபவர்கள் குறைவு. 1979-இல் ஜெனிவாவில் கையெழுத்தான நெடுந்தூரக் காற்று மாசு உடன்படிக்கையும், எந்த நாட்டின் கந்தகம் எந்த நாட்டில் விழுகிறது என்று கணக்கிடும் ஐரோப்பிய அளவீட்டு வலையமைப்பின் மீதுதான் நின்றது. 1980-ஆம் ஆண்டு அளவிலிருந்து 30 சதவீதத்தை 1993-க்குள் குறைப்பதாக 1985-இல் ஹெல்சின்கியில் பல நாடுகள் ஒப்புக்கொண்டன. பிரிட்டனும் அமெரிக்காவும் கையெழுத்திடவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் சென்றது. செயின்ட் லூயிஸ் நகரம் 1940-லும் பிட்ஸ்பர்க் 1941-லும் நிலக்கரிப் புகைக்கு எதிராக விதிகள் இயற்றின. பென்சில்வேனியாவின் டொனோராவில் 1948 அக்டோபரில் ஆலைப் புகைமூட்டத்தால் 20 பேர் இறந்தார்கள். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸின் கண்ணெரிச்சல் புகைமூட்டத்துக்கு நிலக்கரி காரணமல்ல. வாகனங்களிலிருந்தும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன என்று வேதியியலாளர் அரி ஹாகன்-ஸ்மித் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். எந்தக் குழாயிலிருந்தும் ஓசோனாக வெளிவராத ஒன்று ஊர் முழுவதும் ஓசோனாக நின்றது. இதற்கு ரிங்கல்மன் அட்டை என்ன செய்யும்?

1970-இல் வந்த தூய காற்றுச் சட்டம் இதற்கு ஈடாக அளவுகோலைப் புகைபோக்கியிலிருந்து ஊரின் காற்றுக்கே நகர்த்தியது. செனட்டர் எட்மண்ட் மஸ்கி முன்னின்று நடத்திய மசோதா செனட்டில் 73-0 என்று நிறைவேறி, டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்சனின் கையெழுத்தைப் பெற்றது. உடல்நலத்துக்குப் போதிய பாதுகாப்பு இடைவெளியோடு தேசியக் காற்றுத்தர வரம்புகளை நிர்ணயிக்க வேண்டும். அவற்றை எட்டும் திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் தர வேண்டும். வரம்பை நிர்ணயிக்கும்போது செலவைக் கருதக் கூடாது என்பதை 2001-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உறுதி செய்தது. கார்கள் 1975-க்குள் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று சட்டம் எழுதப்பட்டபோது அதற்கான கருவி சந்தையில் இல்லை. கார் நிறுவனங்கள் முடியாது என்றன, காலக்கெடு தள்ளிப்போனது; ஆனால் 1975 மாடல் கார்களில், புகையின் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் வினையூக்கி மாற்றி வந்துவிட்டது. ஈயம் அந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது.

இதே சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. கடுமையான உமிழ்வு விதிகள் புதிய ஆலைகளுக்கே பொருந்தின; பழையவை தாமாகவே ஓய்ந்துவிடும் என்று எண்ணினார்கள். புதிது கட்டினால் செலவு, பழையதை ஒட்டுப் போட்டு ஓட்டினால் லாபம் என்ற நிலையில் எந்த முதலாளி பழையதை மூடுவார்? நிலக்கரி மின்நிலையங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல பத்தாண்டுகள் கூடுதலாக ஓடின. அவற்றைத் தொட்டது 1990-ஆம் ஆண்டுத் திருத்தம்தான். மொத்தக் கந்தக உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்குள் உரிமங்களை நிறுவனங்கள் தமக்குள் வாங்கி விற்றுக்கொள்ளலாம் என்றது அது. பொருளாதாரம் எழுதுகிறவர்கள் இதைச் சந்தையின் வெற்றியாகக் கொண்டாடுவார்கள். ஒவ்வொரு புகைபோக்கியிலும் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டு, மணிக்கு மணி அளவு அரசுக்குப் போய்ச் சேர்ந்ததையும், உரிமத்துக்கு மேல் விடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 டாலர் அபராதம் விசாரணையே இல்லாமல் விழுந்ததையும் அவர்கள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். எடைக்கல் இல்லாத சந்தையில் என்ன வியாபாரம் நடக்கும்?

ஜப்பானில் நோயே அளவுகோலானது. யொக்காய்ச்சி நகரின் பெட்ரோலிய வளாகத்தைச் சுற்றி ஆஸ்துமா பரவியதற்காக ஆறு நிறுவனங்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், எந்தப் புகைபோக்கியின் வாயு எந்த நோயாளியின் நுரையீரலுக்குப் போனது என்று தனித்தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, நோய்ப்பரவல் புள்ளிவிவரமே போதும் என்று 1972 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே வந்த இழப்பீட்டுச் சட்டம், ஆலைகள் விடும் கந்தக ஆக்சைடின் அளவுக்கேற்பக் கட்டணம் வசூலித்து அதிலிருந்து நோயாளிகளுக்குப் பணம் தந்தது. செயின்ட் ஹெலன்ஸ் தீர்ப்பு விட்டுவிட்ட இருமலுக்கு, நூறாண்டு கழித்து வேறொரு நாட்டில் விலை குறிக்கப்பட்டது.

இந்தியாவின் காற்றுச் சட்டம் 1981-இல், 1972-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சூழல் மாநாட்டின் தீர்மானங்களை நிறைவேற்றுவதற்காக அரசமைப்பின் 253-ஆம் உறுப்பின் கீழ் இயற்றப்பட்டது. வாரியங்கள், உரிமங்கள், உமிழ்வு வரம்புகள் என்று தேவையான உறுப்புகள் எல்லாமே அதில் உண்டு. தண்டிக்க வேண்டுமானால் குற்றவியல் நீதிமன்றம் போக வேண்டும்; அங்கே சாட்சியமாக நிற்க, மாதிரி எடுக்கும்போதே ஆலைத் தரப்புக்கு அறிவிப்பு கொடுத்து, அவர்கள் முன்னிலையில் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் அறிக்கை செல்லாது. நியாயமான பாதுகாப்புதான், ஆனால் நொடிக்கு நொடி மாறும் புகைக்கு, முத்திரையிட்ட ஒற்றைக் குடுவை எப்படிச் சாட்சியாகும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. டெல்லியின் பேருந்துகள் சி.என்.ஜி.க்கு மாறியதும் இந்தச் சட்டத்தால் அல்ல, 1998-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால். 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தம் பெரும்பாலான மீறல்களுக்குச் சிறையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதமாக்கியது. வழக்கே முடியாத சிறைத் தண்டனையைவிட வசூலாகும் அபராதம் மேல் என்பது என் கருத்து, ஆனால் பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்காக மட்டும் ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது.

இதற்கிடையில் அளவுகோல் சிறுத்துக்கொண்டே வந்தது. 1971-இல் அமெரிக்கா மிதக்கும் துகள் மொத்தத்தையும் எடை போட்டது. 1987-இல் 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவற்றை மட்டும் எண்ணத் தொடங்கியது. நுரையீரலின் அடியாழம் வரை செல்லும் 2.5 மைக்ரோமீட்டர் நுண்துகளுக்கு 1997-இல் வரம்பு வைத்தது. அந்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமில் தொடங்கி, 2012-இல் 12 ஆகி, 2024-இல் 9 ஆனது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 5 போதும் என்றது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு வரம்பு 40. பெய்ஜிங்கில் 2008 முதல் அமெரிக்கத் தூதரகக் கூரையிலிருந்த கருவி ஒவ்வொரு மணி நேரமும் இந்த நுண்துகள் அளவை வெளியிட, அதுவரை 10 மைக்ரோமீட்டர் துகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த சீன அரசு, 2012-இல் நுண்துகளையும் தன் தரத்தில் சேர்த்தது. 2013-ஆம் ஆண்டுச் செயல்திட்டம், 2017-க்குள் பெய்ஜிங்கின் சராசரியை 60-க்கு அருகே கொண்டுவரச் சொன்னது. அது 58 ஆனது.

இலக்கு அதிகாரிகளின் தலைமேல் ஏறியபோது என்ன நடந்தது என்பதற்கு ஷியான் நகரம் சாட்சி. 2016-இல் அங்கே சுற்றுச்சூழல் அதிகாரிகளே கண்காணிப்பு நிலையத்துக்குள் நுழைந்து, காற்றை உறிஞ்சும் குழாய் வாயில் பருத்தி நூலை அடைத்து வைத்தார்கள். துகள்கள் பஞ்சில் தங்க, கருவி தூய காற்றை எழுதிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பியது.

கார் நிறுவனங்களின் பஞ்சு மென்பொருளால் ஆனது. அமெரிக்காவில் லாரி எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஏழு பேர் சோதனையை ஏமாற்றும் மென்பொருளுக்காக 1998-லேயே அரசோடு சமரசம் செய்துகொண்டிருந்தார்கள், படிப்பினை போதவில்லை. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள், ஸ்டீயரிங் அசைவு, வேகம், ஓட்டத்தின் கால அளவு ஆகியவற்றைப் பார்த்து, தாம் ஆய்வகச் சோதனையில் இருப்பதை உணர்ந்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டன. சாலையில் வரம்பைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை விட்டன. இது 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. கண்டுபிடிக்க உதவியது, காரின் பின்னால் கட்டி எடுத்துச் செல்லக்கூடிய அளவீட்டுக் கருவி. ஐரோப்பா 2017 முதல் புதிய மாடல்களுக்குச் சாலைச் சோதனையையும் கட்டாயமாக்கியது.

ஐரோப்பாவில் 2024-இல் ஏற்கப்பட்ட யூரோ 7 என்ற வாகன உமிழ்வு விதிகள் புகைக்குழாயையும் தாண்டிவிட்டன. பிரேக் தேயும்போது பறக்கும் துகளுக்கு முதன்முறையாக வரம்பு வந்திருக்கிறது: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். புகையே விடாத வண்டிக்கும் காற்று மாசுச் சட்டம் பொருந்துவதை ஈவ்லின் கேட்டால் வியந்திருப்பார். டயர் தேய்மானமும் அதே விதிகளுக்குள் வருகிறது. அதை அளக்கும் முறையை முதலில் ஐக்கிய நாடுகளின் வாகனப் பணிக்குழு ஜெனிவாவில் வகுக்க வேண்டும், வரம்பு அதற்குப் பிறகே எழுதப்பட வேண்டும் என்பது அந்த விதிகள் வைத்த வரிசை. 1306-இல் இந்த வரிசை தலைகீழாக இருந்தது.